வெள்ளையாய் விட்ட இடம்

ஒரு மலையூரின் ஏரிக்கரையில் சிட்டு என்றொரு பெண்குதிரை இருந்தது. சுற்றுலா வந்தவர்களை முதுகில் ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. ஏரிக்கரைச் சாலையில் ஏற்றமும் கிடையாது, இறக்கமும் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டே நடக்கலாம். சில நாட்கள் சிட்டு அப்படித்தான் நடந்தது.

அதை வளர்த்தவள் ரெஜினா. அவளுக்கு ஏரியைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போயிருந்தது. ஏரிக்குப் பின்னால் எழுந்து நிற்கும் மலைமுதுகைத் தாண்டி, காட்டுவழியே ஆட்களைக் குதிரையில் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டாள். அதற்கு மேடுபள்ளம் காட்டும் வரைபடம் வேண்டும். கடைகளில் கேட்டாள், வனத்துறை ஆபீசில் கேட்டாள். கடைசியில் பஸ் ஏறி நகரத்துக்குப் போய், நில அளவை அலுவலகத்தில் ஒரு பழைய தாளைத் தேடி வாங்கிவந்தாள்.

தாள் முழுக்கப் பழுப்புநிற உயரக்கோடுகள். ஒவ்வொரு கோடும் ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைத் தொட்டுக்கொண்டே ஓடியது. கோடுகள் நெருங்கி நின்றால் மலை செங்குத்து. விலகி நின்றால் குதிரை ஏறக்கூடிய சரிவு. ஆனால் தாளின் நடுவே, மலைமுதுகு இருக்கவேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. வெறும் வெள்ளை. அதன் ஓரத்தில் பொடி எழுத்தில், ‘மேகமூட்டம். அளக்கப்படவில்லை’ என்று போட்டிருந்தது.

குதிரைக் கொட்டகையின் சுவரில் ஏற்கெனவே ஒரு வரைபடம் தொங்கியது. ஏரிக்கரைக் கடைகளில் விற்கிற பளபளப்பான வண்ணப்படம். இன்னொரு குதிரைக்காரரான மரியதாஸ் வாங்கி மாட்டியது. அதுவும் இதே தாளைப் பார்த்துப் போட்டதுதான். ஆனால் நடுவில் காலியாக விட்டால் யாரும் வாங்கமாட்டார்கள் என்று நினைத்த அச்சகத்தார், சுற்றியிருந்த கோடுகளை அழகாக நீட்டி அந்த இடத்தை நிரப்பிவிட்டிருந்தார்.

ரெஜினா பழைய தாளை அதன் பக்கத்தில் மாட்டியதும் வண்ணப்படம் கேட்டது: “உன் நடுவயிற்றில் என்ன, இவ்வளவு பெரிய ஓட்டை?”

“ஓட்டை இல்லை. யாரும் பார்க்காத இடம்,” என்றது பழைய தாளின் நடுவிலிருந்த வெள்ளை.

“பார்க்காவிட்டால் என்ன? இந்தப் பக்கமும் சரிவு, அந்தப் பக்கமும் சரிவு. நடுவிலும் சரிவாகத்தானே இருக்கும்? என்னைப் பார், எவ்வளவு நிறைவாக இருக்கிறேன்!”

வெள்ளைக்குக் கூச்சமாக இருந்தது. சுற்றிலும் கோடுகள் வளைந்து வளைந்து ஓட, தான் மட்டும் வெறுமனே கிடப்பது அதற்கும் வலித்தது. “எனக்கும் கோடுகள் வேண்டும்தான். ஆனால் அங்கே போய்ப் பார்த்தவர் போட்ட கோடுகளாக இருக்கட்டும். அதுவரை இப்படியே இருக்கிறேன்,” என்றது.

கீழே கட்டிக்கிடந்த சிட்டு மட்டும் இதைக் கேட்டுக் காதை அசைத்தது.

அந்த வருஷம் மழை பேய்மழையாகப் பெய்தது. மலைமுதுகுக்கு அப்பால் இருக்கும் காரைமேடு என்ற சிற்றூருக்குப் போகும் ஒரே சாலை, மண்ணோடும் மரத்தோடும் பள்ளத்தில் போய் விழுந்தது. சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அங்கே அரிசியும் மருந்தும் தீர்ந்துகொண்டிருந்தன. இனி மலைமுதுகின் மேலேறிக் குதிரையில் கொண்டுபோனால்தான் உண்டு.

முதலில் மரியதாஸ்தான் கிளம்பினார். நல்ல மனிதர், யாரும் கேட்காமலே மூட்டைகளை ஏற்றினார். வண்ணப்படத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தன் குதிரையோடு போனார். மறுநாள், நொண்டும் குதிரையை நடத்திக்கொண்டு வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

“கோடு போட்ருக்குற எடத்துல பூமியே இல்லம்மா,” என்றார் ரெஜினாவிடம். “புல்லுச் சரிவுன்னு நெனச்சு எறங்குறேன், அடியில பெரும் பள்ளம். குதிரை பின்னங்கால ஊனி நின்னதால உசுரு தப்புச்சு. மூட்டையெல்லாம் போச்சு.”

அவர் பையிலிருந்த வண்ணப்படம் நனைந்து சாயம் கலங்கிப்போயிருந்தது.

ரெஜினா பழைய தாளைச் சுவரிலிருந்து எடுத்தாள். ஒரு பென்சிலையும் திசைகாட்டியையும் உயரமானியையும் பையில் போட்டாள். உயரமானி, மலையேற வந்த பயணி ஒருவர் அவளுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டுப் போனது.

“ஏம்மா, படத்தப் பாத்துப் போன எனக்கே இந்தக் கதி. நீ காலிக் காகிதத்த வச்சுக்கிட்டு எங்க போவ?” என்றார் மரியதாஸ்.

“காலியா இருக்குற எடத்துல நான் கண்ணத் தொறந்து வச்சிருப்பேன்ண்ணே. உங்க படம் உங்களக் கண்ண மூடிக்கிட்டு நடக்கச் சொல்லிருச்சு.”

மரியதாஸ் தலையைச் சொறிந்தார். பிறகு தன் குதிரையைக் கொட்டகையில் விட்டுவிட்டு, “தனியா போகாத. நானும் நடந்து வர்றேன்,” என்றார்.

மூட்டைகளைச் சிட்டுவின் மேல் ஏற்றிக்கொண்டு மலையேறினார்கள். தாளில் வெள்ளை தொடங்கும் இடத்தில் நில அளவைக்காரர்கள் ஓர் அளவைக்கல் நட்டிருந்தார்கள். அதில் உயரம் செதுக்கியிருந்தது. ரெஜினா உயரமானியின் முள்ளை அந்த எண்ணுக்குத் திருப்பி வைத்தாள்.

“ஒன்று சொல்லிவிடுகிறேன்,” என்றது உயரமானி தயக்கத்துடன். “காற்றின் கனத்தை வைத்துத்தான் நான் உயரம் சொல்கிறேன். மேகம் இறங்கினால் என் பேச்சு பிசகும். அப்போது என்னை நம்பாதீர்கள். இந்தக் கல்லுக்குத் திரும்பக் கொண்டுவந்து சரிபாருங்கள்.”

“அப்படிச் சொல்கிறவனைத்தான் நம்பலாம்,” என்றது வெள்ளை.

மரியதாஸ் தவறிய பள்ளம்வரை போனார்கள். அதன் விளிம்பில் நின்று, ரெஜினா வெள்ளையின் மேல் முதல் குறியைப் போட்டாள். அது ஒரு பெருக்கல் குறி.

வெள்ளை துடித்துப்போனது. “இத்தனை வருஷம் காத்திருந்தேன். முதன்முதலாக என் மேல் எழுதுவது ‘வழியில்லை’ என்றா?”

“இருப்பதைத்தானே எழுத முடியும்?” என்றது பென்சில்.

வெள்ளை பள்ளத்தையும் குறியையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு, “சரி. அழுத்திப் போடு. அடுத்து வருபவருக்கு நன்றாகத் தெரியட்டும்,” என்றது.

அன்று திரும்பினார்கள். மறுபடி போனார்கள். இந்த முறை கிழக்குப் பக்கம். வழுக்குப்பாறை ஒன்றின் மேல் கால் வைக்க மாட்டேன் என்று சிட்டு நின்றுவிட்டது. ரெஜினா இழுத்துப் பார்த்தாள். பிறகு குதிரை சொல்வதே சரி என்று இன்னொரு பெருக்கல் குறி போட்டாள். மேகம் இறங்கியது. கல்லுக்குத் திரும்பினார்கள். முள்ளைச் சரிசெய்தார்கள். ஏறிய இடமெல்லாம் நின்று நின்று உயரத்தைக் குறித்தாள். ஒரே எண் வந்த புள்ளிகளைச் சேர்த்தாள். வெள்ளையின் ஓரத்தில் கோடுகள் மெல்ல மெல்ல ஊர்ந்து உள்ளே வந்தன.

அடுத்த முறை சிட்டுதான் மோந்து பார்த்து ஒரு தடத்தைக் கண்டுபிடித்தது. காட்டுமாடுகள் போன தடம். அது நேராக ஏறவில்லை. இப்படியும் அப்படியும் வளைந்து, இரண்டு முகடுகளுக்கு நடுவிலிருந்த ஒரு கணவாயில் கொண்டுபோய் விட்டது. கணவாய்க்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் தடம் செங்குத்தாக ஏறியது. சிட்டு மூச்சிரைக்க மூட்டைகளோடு ஏறிவிட்டது. பென்சில் அங்கே கோடுகளை நெருக்கமாகப் போட்டது.

கணவாயைத் தாண்டியதும் கீழே காரைமேட்டின் கூரைகள் தெரிந்தன.

ஊரே ஓடிவந்து மூட்டைகளை இறக்கியது. ஆனால் தெய்வானை என்ற பெண் மட்டும் அரிசியைப் பார்க்கவில்லை, குதிரையைப் பார்த்தாள். அவள் நிறைமாதக் கர்ப்பிணி. கால்கள் வீங்கியிருந்தன, தலைச்சுற்றல் நிற்கவில்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று ஊர் நர்ஸ் சொல்லியிருந்தாள்.

“அக்கா, உங்க குதிரை என்னையத் தாங்குமா?”

“குதிரை தாங்கும்மா. வழி தாங்குமான்னுதான் பாக்கணும்,” என்றாள் ரெஜினா.

நர்ஸும் கூட வந்தாள். கணவாய்வரை மெதுவாக ஏறினார்கள். அங்கே ரெஜினா தாளை விரித்தாள். மூட்டையோடு ஏறி வந்த அந்தச் செங்குத்தில் ஒரு கர்ப்பிணியை வைத்துக் குதிரையை இறக்க முடியாது. நெருங்கிக் கிடந்த கோடுகளே அதைச் சொல்லின. ஆனால் இடதுபுறம் சற்றுத் தள்ளிக் கோடுகள் விலகத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கும், கீழே இருந்த தடத்தின் கோடுகளுக்கும் நடுவில் இன்னும் வெள்ளை.

“இந்தக் கோட்டையும் அந்தக் கோட்டையும் இழுத்துச் சேத்துப் பாரும்மா. சரிவாத்தான் இருக்கும். சீக்கிரம் எறங்கிரலாம்,” என்றார் மரியதாஸ். தெய்வானையின் முகத்தைப் பார்த்து அவருக்குப் பதறியது.

பென்சிலின் முனையும் பரபரத்தது. “விரல் அகல இடைவெளிதான். சேர்த்துவிடட்டுமா?”

“வேண்டாம்,” என்றது வெள்ளை. “நான் நிறைய வேண்டும் என்று உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனாலும் வேண்டாம்.”

ரெஜினா இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். மறுமுனையை மரியதாஸிடம் கொடுத்தாள். “அவ வயித்துல புள்ள இருக்குண்ணே. பாக்காத எடத்துல கோடு போடமாட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் புதருக்குள் இறங்கினாள்.

தெய்வானை சிட்டுவின் கழுத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கயிறு இழுபட்டது, தளர்ந்தது, மறுபடி இழுபட்டது. மரியதாஸ் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். முழங்கையெல்லாம் சேறும் சிராய்ப்புமாக ரெஜினா மேலே வந்தாள்.

“நடுவுல ஒரு பாறை அப்படியே அறுந்து நிக்கிதுண்ணே, புதரு மூடியிருக்கு. நேரா போயிருந்தா முடிஞ்சோம். ஆனா அதுக்கு மேலால சுத்திப் போக சமதளமா ஒரு படுகை இருக்கு. சிட்டு நடக்கும்.”

பென்சில் அந்தப் பாறையை முதலில் வரைந்தது. பிறகு அதைச் சுற்றிப் போகும் வழியை வரைந்தது. மரியதாஸ் முன்னால் போய்ப் புதரை வெட்டினார். சிட்டு ஒவ்வொரு காலையும் ஊன்றிப் பார்த்து வைத்தது. ஏரிக்கரையில் கண்ணை மூடி நடந்த குதிரையா இது என்று ரெஜினாவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

பொழுது சாய்வதற்குள் கீழே வந்து சேர்ந்தார்கள். அந்த வாரமே தெய்வானைக்குப் பெண்குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, மரியதாஸ் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார்.

சாலை சரியான பிறகும் ரெஜினா ஏரிக்கரைக்குத் திரும்பவில்லை. அவளும் மரியதாஸும் மலைமுதுகு வழியே பயணிகளைக் கூட்டிப்போனார்கள். போகப்போக வெள்ளை முழுவதும் நிறைந்தது. ஓடை, படுகை, பாறை, கணவாய் எல்லாம் வந்தன. தாளிலேயே அழகான இடம் அதுதான் என்று மற்றக் கோடுகள் சொல்லத் தொடங்கின. வெள்ளை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தது.

மறுவருஷ மழைக்குப் பிறகு முதல் ஆளாக மேலே போன மரியதாஸ் ஓடிவந்தார்.

“ரெஜினா, நீ கயிறு கட்டி எறங்குன எடம் இருக்குல்ல? சரிஞ்சு போச்சும்மா. பாறையும் இல்ல, படுகையும் இல்ல.”

ரெஜினா தாளை மடியில் விரித்து, ரப்பரைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“நான் போட்டதிலேயே நல்ல கோடு அது,” என்றது பென்சில்.

“நல்ல கோடுதான்,” என்றது வெள்ளை. “அதை நம்பி நாளைக்கு யாராவது குதிரையில் ஏறுவார்கள். அழித்துவிடு.”

ரெஜினா அழித்தாள். தூளை ஊதிவிட்டு, பென்சிலையும் உயரமானியையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய், சிட்டுவின் முதுகில் சேணத்தைக் கட்டினாள்.