பதினொண்ணும் பதினேழும்

கோசலை டீச்சர் பள்ளிக்கூடத்து டீச்சர் இல்லை. கோபிச்செட்டிபாளையத்தில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேரை ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்தவர் என்பதால் அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

அவரிடம் இரண்டு சீடர்கள். மூத்தவர் மாரப்பன். டீச்சரைவிட வயதில் பெரியவர். தறிப்பட்டறையை விட்டுவிட்டு வந்து, டீச்சரிடமே வண்டி ஓட்டப் பழகி, பிறகு அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கவும் அவரிடமே பழகினார். இளையவன் யாகூப். அவனை மாரப்பன் நேற்று வந்த பயல் என்பார். யாகூப் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. மாரப்பனின் நேற்று அவ்வளவு நீளம்.

பள்ளியில் இரண்டு கார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே வெள்ளை. மாடல் வருஷம் மட்டும் வேறு. இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷத்து வண்டியைப் பதினொண்ணு என்பார்கள், பதினேழாம் வருஷத்து வண்டியைப் பதினேழு. வெளியே நின்று பார்த்தால் எது எதுவென்று தெரியாது. கியரில் கை வைத்தால் தெரிந்துவிடும்.

பதினொண்ணில் முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் கொஞ்சம் நிற்க வேண்டும். அது சம்மதித்த பிறகுதான் தள்ள வேண்டும். காலையில் இன்ஜின் சூடேறும் வரை சம்மதிக்கவே சம்மதிக்காது. ரிவர்ஸுக்குத் தனியாகக் கெஞ்ச வேண்டும். பதினேழில் இந்த வம்பே கிடையாது. கை போகிற போக்கில் கியர் போய் விழும்.

பதினொண்ணை மாரப்பனுக்கும் பதினேழை யாகூப்புக்கும் டீச்சர் கொடுத்திருந்தார். அன்றிலிருந்து மாரப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு பேரும் ஒரே மைதானத்தில்தான் சொல்லிக்கொடுத்தார்கள். யாகூப் வண்டியில் கியர் மாறுகிற அழகைப் பார்க்கப் பார்க்க மாரப்பனுக்கு வயிறு எரிந்தது. அந்தச் சமயம் பார்த்து, சத்தியமங்கலத்தில் டீச்சர் இன்னொரு பள்ளி திறக்கப்போகிறார், இருவரில் ஒருவரிடம் அதை ஒப்படைக்கப்போகிறார் என்று பேச்சு வந்தது. மூத்தவனுக்குத்தானே முறை என்று மாரப்பன் மனசுக்குள் சத்திக்குக் குடியே போய்விட்டார்.

ஆனால் லைசென்ஸ் டெஸ்ட் நடக்கிற நாளெல்லாம் அவர் மானம் போயிற்று. யாகூப்பிடம் படித்தவர்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். மாரப்பனிடம் படித்தவர்கள் கியரைக் கர்ரென்று அலறவைத்து, வண்டியை நிறுத்திவிட்டு, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற ரேணுகா என்ற நர்ஸ் அம்மா அங்கேயே நின்று அழுதுவிட்டாள். மைதானத்தில் அவ்வளவு நன்றாக ஓட்டினவள்.

மாரப்பன் நேராக டீச்சரிடம் போனார்.

"ஏனுங்க டீச்சர், எனக்கு மட்டும் ஏனுங்க அந்தக் கெழட்டு வண்டி?"

"உங்களுக்கு எது வேணுமுங்ணா?"

"பதினேழு."

"எடுத்துக்குங்க."

அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாகூப்பைக் கூப்பிட்டு வண்டியை மாற்றிக்கொள்ளச் சொன்னார். அவனும் மாரப்பனிடம் சரிங்ணா என்று சாவியை நீட்டிவிட்டு, பதினொண்ணின் சீட்டைத் தன் உயரத்துக்கு நகர்த்திக்கொண்டான். அவன் முகம் கொஞ்சம் வாடியிருந்தாலாவது மாரப்பனுக்கு அரை வயிறு நிறைந்திருக்கும். பாவி வாடவே இல்லை.

பிறகு வந்த நாட்கள் மாரப்பனுக்கு நல்ல நாட்கள். மைதானத்தின் அந்தக் கோடியில் பதினொண்ணு கர்ர் கர்ரென்று கத்தியது. படுத்திருந்த நாய்கள் எழுந்து இடம் மாறின. யாகூப் சும்மா பக்கத்தில் உட்கார்ந்து, மறுபடி போடுங்க, மறுபடி போடுங்க என்று சொல்லிக்கொண்டிருந்தான். இந்தக் கோடியில் பதினேழில் ஒரு சத்தம் இல்லை. ரேணுகா ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே போனாள். மாரப்பன் கண்ணாடியை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டார். நம் வண்டியில் சத்தம் இல்லை என்பது அவன் காதிலும் விழட்டுமே என்றுதான்.

டெஸ்ட் வந்தது. யாகூப்பின் ஆட்கள் பதினொண்ணை ஓட்டித் தேறினார்கள். மாரப்பனின் ஆட்கள் பதினேழை அலறவைத்துத் தோற்றார்கள். ரேணுகா இந்த முறை அழக்கூட இல்லை. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மாரப்பனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இராத்திரி முழுக்கப் புரண்டு யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். மறுநாள் டீச்சர் முன்னால் போய் நின்று அதைக் கொட்டினார். டெஸ்டுக்கு முன்னால் பதினொண்ணின் கியர்பாக்ஸைப் பிரித்துச் சரிபண்ணியிருக்கிறீர்கள், என்னிடம் இருந்தவரை அதன் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, அவன் கைக்குப் போனதும் மெக்கானிக் வந்துவிட்டான், சத்தியையும் அவனுக்கென்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

டீச்சர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் குடித்து முடித்தார்.

"ரேணுகாவை வரச்சொல்லுங்ணா. பதினொண்ணை எடுங்க."

ரேணுகா வந்தாள். மைதானத்தில் பதினொண்ணின் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். டீச்சர் அவளுக்குப் பக்கத்தில், மாரப்பன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். மாரப்பன் டீச்சருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார். மைதானத்தின் அந்தக் கோடியில் யாகூப் பதினேழைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சுத்து வாங்க," என்றார் டீச்சர்.

ரேணுகா ஓட்டினாள். முதல் கியர் விழுந்தது. இரண்டாவது நடுவில் நிற்காமல், கெஞ்சாமல் விழுந்தது. மூன்றாவது விழுந்தது. ரிவர்ஸ்கூட மறு பேச்சில்லாமல் விழுந்தது. மாரப்பன் தன்னிடம் இருந்தபோது எத்தனை நாள் இந்த வண்டியோடு மல்லுக்கட்டியிருப்பார்.

"பாத்தீங்களா? சரிபண்ணீட்டீங்க."

டீச்சர் குனிந்தார். செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் தூக்கி சீட்டின்மேல் மடக்கி, பந்தியில் இலைக்கு முன்னால் உட்காருகிற மாதிரி சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு சுத்து வாங்க."

ரேணுகா முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தள்ளினாள். கர்ரென்று வண்டி அலறியது.

மாரப்பன் ரேணுகாவைப் பார்க்கவில்லை. அவர் கண் முதலில் ஓடியது மைதானத்தின் அந்தக் கோடிக்கு. யாகூப் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான், பார்த்துவிட்டு மறுபடி துடைக்கக் குனிந்தான்.

டீச்சரும் திரும்பினார். அவர் பார்த்தது மாரப்பனின் இடது காலை. பின் சீட்டில் கிளட்சும் இல்லை, ஒன்றும் இல்லை. இருந்தாலும் அந்தக் கால் தரையில் கிடந்த ரப்பர் விரிப்பைப் பலமாக மிதித்துக்கொண்டிருந்தது.

டிரைவிங் ஸ்கூல் வண்டியில், சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் வைத்திருப்பார்கள். ஆபத்துக்கு உதவட்டும் என்று வைத்தது. இந்தப் பக்கம் மிதித்தால் அந்தப் பக்கமும் இறங்கும். பதினொண்ணிலும் உண்டு, பதினேழிலும் உண்டு. முதல் சுற்றில் டீச்சர்தான் நேரம் பார்த்து அதை அடிவரை மிதித்துக்கொடுத்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த இடத்தில் உட்காரும்போது காலை நகர்த்தமாட்டார். அவருக்கென்ன தலையெழுத்தா?

மாரப்பன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாக அதை விரிப்பிலிருந்து எடுத்தார்.

ரேணுகாதான் முதலில் பேசினாள்.

"கிளட்சுல லேசா கால் வெச்சாப் போதும், மிச்சம் அதுவா கீழ போயிடும்னு நெனச்சனுங்க. டெஸ்ட்ல மட்டும் போகவே இல்லீங்க. எனக்குத்தான் கை ராசி இல்லையாட்ட இருக்குதுன்னு வீட்ல சொல்லிட்டிருந்தேன்."

மாரப்பனுக்கு வண்டியைவிட்டு இறங்கி ஓடிவிடலாம் போலிருந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. அதற்குள்ளும் அந்தப் பாழாய்ப்போன பொறாமை அடங்கவில்லை. யாகூப் இன்னும் பார்க்கிறானா என்று ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

வேண்டுமென்று மிதிக்கவில்லை என்றார். முதலில் ஒரு நாள், அவன் பார்க்கிறபோது வண்டி அலறக் கூடாதென்று மிதித்தாராம். அப்புறம் கால் அங்கேயே தங்கிவிட்டதாம். அவன் இருக்கிற மைதானத்தில் தன் கால் தன் பேச்சைக் கேட்பதில்லை என்றார். சொல்லச் சொல்ல அவருக்கே ஒரு வழி திறந்த மாதிரி இருந்தது. முன்பக்கம் குனிந்து, சீட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"டீச்சர், சத்தியை எனக்குக் குடுங்க. அங்க யாகூப் இருக்கமாட்டான். அவன் இல்லாட்டி நான் கால வைக்கமாட்டனுங்க. சத்தியமா."

டீச்சர் சம்மணம் கலையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சரிங்ணா. யாகூப் இல்லாத ஊர்ல, நீங்க யாருக்குச் சொல்லிக்குடுப்பீங்க?"

மாரப்பனின் கண் மறுபடி யாகூப் பக்கம்தான் ஓடியது. ரேணுகா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, அடுத்து என்ன செய்யச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள்.