எடை போட்டுச் சாப்பிட்ட கரடியார்

சத்தியம்! சத்தியம்! தலையில் அடித்துச் சத்தியம்! இந்தக் கதையில் ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தால், என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் எல்லாம் இந்த நிமிடமே கொட்டிப் போகட்டும். என்ன சிரிப்பு? மிச்சமிருப்பது ஒன்றோ இரண்டோதான் என்பது வேறு விஷயம். சத்தியம் சத்தியம்தான்.

கேளுங்கள் பிள்ளைகளே.

ஒரு காட்டில் ஒரு கரடியார் இருந்தார். குண்டு என்றால் அப்படி இப்படிக் குண்டு இல்லை. அவர் தும்மினால் அடுத்த மலையில் நாவல் பழம் உதிரும். அவர் உட்கார்ந்து எழுந்த இடத்தில் ஒரு மழை பெய்தால் போதும், தவளைகள் வந்து குடியேறிவிடும். அப்படி உண்டான குளம் ஒன்றில் நானே மீன் பிடித்திருக்கிறேன்.

அந்தக் காட்டில் யானை கிடையாது. காட்டெருமையும் கிடையாது. ஆகவே கனத்தில் கரடியாரை மிஞ்ச ஆளில்லை.

காட்டின் ஓரத்தில் பாதாளம்போல் ஒரு பள்ளம். அதன் குறுக்கே ஒரு பழைய மருத மரம் விழுந்து கிடந்தது. அதுதான் பாலம். கோடையில் இந்தப் பக்கத்துக் குட்டை வற்றிவிடும். அந்தப் பக்கம் வற்றாத சுனை ஒன்று உண்டு. எனவே குட்டை வற்றியதும் எல்லா விலங்குகளும் மரத்தின்மேல் நடந்து அக்கரைக்குப் போய்விடும். மழை வந்தால் திரும்பி வரும்.

போன மழைக்குத் திரும்பி வரும்போது, கரடியார் கால் வைத்ததும் மரம் "மளார்" என்றது. நடுவில் ஒரு விரிசல் விழுந்தது.

இந்த ஆண்டு பனிக்காலம் முடிந்ததுமே மந்தி அக்கா கூட்டம் போட்டாள். அந்தக் காட்டில் அவள் சொன்னதுதான் சட்டம். அவள் வாய் அப்படி.

"கரடியாரே, கோடை வருகிறது. நாங்கள் எல்லாரும் முதலில் கடந்துவிடுவோம். நீர் கடைசி. அதற்குள் மெலிந்துவிட்டால் நடந்து வாரும். மெலியவில்லையா, இந்தப் பக்கமே இரும்."

"இருந்தால் குடிக்கத் தண்ணீர்?"

"உமக்கென்ன ஐயா, வியர்வையே வாய்க்கால்போல ஓடுகிறதே!"

கூட்டம் சிரித்தது. முள்ளம்பன்றி குலுங்கிச் சிரித்ததில் பக்கத்திலிருந்த முயலுக்கு முள் குத்தியது. கரடியார் மட்டும் சிரிக்கவில்லை. தண்ணீரில்லாத இடத்தில் ஒரு கோடையைக் கழிப்பது என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருப்பது என்று அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தவர் மனைவியிடம் வீரமாகச் சொன்னார். "இன்றிலிருந்து பாதிச் சாப்பாடுதான்."

"எதில் பாதிங்க? பழத்தில் பாதியா, மரத்தில் பாதியா?" என்று கேட்டாள் கரடியம்மா.

கரடியார் கொஞ்சம் யோசித்தார். "எடுத்த எடுப்பில் உடம்பை வருத்தக் கூடாது. முதலில் மரத்தில் பாதியிலிருந்து ஆரம்பிப்போம்."

அந்த நேரம் பார்த்துத்தான் நரி வந்து சேர்ந்தது. பட்டணத்தில், எடை குறைக்கும் நிலையம் ஒன்றின் குப்பைத்தொட்டிக்குப் பின்னால் குடியிருந்த நரி அது. அங்கே வருகிறவர்கள் எதையும் பாதிக்குமேல் தின்னக் கூடாதாம். மீதியெல்லாம் தொட்டிக்கு. நரிக்கு ராஜ வாழ்வு. 'காட்டுக்குச் சேவை செய்யத் திரும்பிவிட்டேன்' என்று சொல்லிக்கொண்டது. வாலில் நாய்ப்பல் பதிந்திருந்ததைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, நீங்கள் குண்டாக இருப்பதற்குச் சாப்பாடு காரணமே இல்லை" என்றது நரி.

கரடியாருக்கு அதை அப்படியே கட்டிப் பிடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. "அப்படிச் சொல்லு தம்பி! பின்னே எது காரணம்?"

"கலோரி."

"அது எந்த மரத்தில் காய்க்கும்?"

"காய்க்காது அண்ணே. சாப்பாட்டுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வாய்க்குள் போனதும் வயிற்றில் இறங்கிக் குடும்பம் நடத்த ஆரம்பித்துவிடும்."

"பேய் மாதிரியா?"

"பேயாவது வேப்பிலைக்குப் பயப்படும். இது தராசு ஒன்றுக்குத்தான் பயப்படும். எடை போட்டு, எண்ணிச் சாப்பிட வேண்டும். வேளைக்கு ஒரு தட்டு. அதற்கு மேல் ஒரு துளி கூடாது."

மூங்கில் கழி ஒன்று, கொடி நாலு, பாக்குமட்டைத் தட்டு இரண்டு. தராசு தயாராகி மரக்கிளையில் தொங்கியது. கரடியார் ஒரு தட்டில் தேனடையை வைத்தார். மறுதட்டில் வைக்க ஓடிப்போய் ஒரு கல்லைப் பொறுக்கி வந்தார்.

நரி தலையில் அடித்துக்கொண்டது. "என்ன அண்ணே, பட்டிக்காடாகவே இருக்கிறீர்களே! கல்லில் கலோரி உண்டா?"

"இல்லை."

"கலோரியே இல்லாத கல், தேனுக்குள் எத்தனை கலோரி இருக்கிறது என்று எப்படிச் சொல்லும்? தேனடைக்குத் தேனடைதான் எடைக்கல். பலாச்சுளைக்குப் பலாச்சுளைதான் எடைக்கல்."

"ஆகா! பட்டணம் பட்டணம்தான்!" என்றார் கரடியார். அப்புறம் மெல்லக் கேட்டார். "எடை போட்டு முடித்ததும் எடைக்கல்லை என்ன செய்வது?"

"வெளியே வைத்தால் எறும்பு அரித்து எடை குறைந்துவிடும். அதை நான் பத்திரப்படுத்துகிறேன்."

நரி சொன்னபடியே செய்தது. ஒவ்வொரு வேளையும் எடைக்கல்லைப் புதருக்குப் பின்னால் தூக்கிப்போய், திருடன் கைபடாத, எறும்பு எட்டாத ஓர் இடத்தில் பத்திரப்படுத்தியது. அந்த இடத்தை அது தன் உடம்பிலேயே எப்போதும் சுமந்துகொண்டிருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும். கரடியார் மெலியத்தான் ஆரம்பித்தார். நரிதான் கிழங்கு மூட்டைபோல் உருண்டுகொண்டே வந்தது.

ஒருநாள் காலை நரியைக் காணோம். முந்தின நாள் எடைக்கல் பலாச்சுளை. அளவுக்கு மீறிப் பத்திரப்படுத்திவிட்டதால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது.

கரடியார் தாமே எடை போட்டார். தம் தட்டைச் சாப்பிட்டார். வாயைத் துடைத்துக்கொண்டார். எதிர்த்தட்டைப் பார்த்தார். அதில் எடைக்கல் இருந்தது. பொன் நிறத்தில் தேன் சொட்டிக்கொண்டு இருந்தது. கிளை வழியாக எறும்புகள் வரிசை கட்டி இறங்கிக்கொண்டிருந்தன.

"ஐயோ, எடை குறைந்துவிடுமே!" என்று பதறினார் கரடியார்.

இரண்டு வாயில் எடைக்கல்லை விழுங்கிவிட்டார்.

பிறகுதான் யோசித்தார். 'தப்பு செய்துவிட்டோமோ? இல்லையே! வேளைக்கு ஒரு தட்டுச் சாப்பாடு. அதைச் சாப்பிட்டாயிற்று. இது சாப்பாடா? எடைக்கல்! எடைக்கல்லை யாராவது சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பார்களா?'

மனசு இலவம்பஞ்சாக லேசாகிவிட்டது. உடம்புதான் ஆகவில்லை.

நரி எழுந்து வந்தபோது கரடியார் பெரிய மனதோடு சொன்னார். "தம்பி, உனக்கு எதற்கு இனி அலைச்சல்? எனக்குத் தொழில் படிந்துவிட்டது. எடையை நானே போட்டுக்கொள்கிறேன்."

நரிக்கு வயிற்றில் இடி விழுந்தது. 'என் சாப்பாடு' என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? "எடைக்கல்லை மட்டும் பத்திரம் அண்ணே" என்று முனகிவிட்டுப் போனது.

அதன்பிறகு கரடியாரின் ஒழுங்கைப் பார்க்க வேண்டுமே! காட்டிலேயே அப்படிக் கணக்காகச் சாப்பிட்டவர் எவரும் இல்லை. ஒரு முறை எடை போட்டால் மனம் ஆறாது. பிசகு வந்துவிட்டால்? மறுபடி போட வேண்டாமா? ஆனால் பழைய எடைக்கல்தான் உள்ளே போய்விட்டதே! ஆகவே புதிதாக ஓர் எடைக்கல். சரிபார்த்ததும் அதையும் எறும்பிடமிருந்து காப்பாற்றுவார். அப்புறம் சரிபார்த்ததையே ஒரு முறை சரிபார்ப்பார். துல்லியம் கூடக் கூட வயிறும் கூடிற்று.

"என்னங்க," என்றாள் கரடியம்மா, "குகைக்குள் நீங்கள் வந்தால் வெளிச்சம் வெளியே போய்விடுகிறதே. முன்னைவிடப் பெருத்திருக்கிறீர்களே?"

"அடி போடி! அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும் என்று கேட்டதில்லை? கரையப்போகிற வயிறும் கொஞ்சம் பெருக்கத்தான் செய்யும்."

"கரையும்போது சொல்லுங்கள், ஒதுங்கி நிற்கிறேன்."

கோடை வந்தது. குட்டை வற்றிச் சேறாகி, சேறு வெடித்தது. விலங்குகள் ஒவ்வொன்றாக மரத்தைக் கடந்தன. முயல் போனது, மான் போனது, முள்ளம்பன்றி போனது. கரடியம்மாவும் மெல்ல அடிவைத்துக் கடந்துவிட்டாள். கடைசியாகக் கரடியார் நின்றார். 'என் வைத்தியத்தின் பெருமையை எல்லாரும் பார்க்கட்டும்' என்று மார்தட்டிக்கொண்டு நரியும் அவரோடு பின்தங்கி நின்றது.

அக்கரையிலிருந்து மந்தி அக்கா கத்தினாள். "கரடியாரே, மெலிந்துவிட்டீரா? எனக்கு என்னவோ மலை ஒன்று இடம் மாறி நிற்பதுபோல் தெரிகிறது!"

"கண்ணை நம்பாதே, கணக்கை நம்பு!" என்றார் கரடியார். "வேளைக்கு ஒரு தட்டு. ஒரு துளி மிஞ்சவில்லை."

"கணக்கு சரியா நரியாரே?"

"நூற்றுக்கு நூறு சரி! பெரிதாகத் தெரிவது வெறும் ரோமம்!" என்றது நரி.

"அப்படியானால் நீரும் அவர் பின்னாலேயே நடந்து வாருமேன். கணக்குச் சொன்ன வாய் கூடவே வரட்டும்."

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நரிக்குப் பின்வாங்க வழியில்லை. கரடியார் முன்னே, நரி பின்னே. மரத்தில் ஏறினார்கள்.

மரம் "கிறீச்" என்றது.

"சத்தம் போடாதே!" என்று கரடியார் மரத்தை அதட்டினார். "வேளைக்கு ஒரு தட்டுத்தான் சாப்பிட்டேன்."

இன்னும் சில அடி. மரம் "மளார்" என்றது.

"பாருங்கள் இந்த மரத்தை! படிப்பறிவில்லாத ஜென்மம். கலோரி என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்திருக்கிறது."

நரி பின்னாலிருந்து மெல்லக் குரல் கொடுத்தது. "அண்ணே... ஒன்று கேட்கட்டுமா? எடைக்கல்லை எல்லாம் என்ன செய்தீர்கள்?"

"பத்திரப்படுத்தினேன்."

"எங்கே?"

கரடியார் திரும்பிப் பார்த்து வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

"ஐயையோ! அத்தனையையும் தின்றுவிட்டீர்களா?"

"தின்றேன் என்று சொல்லாதே, தப்பு! எடைக்கல் சாப்பாட்டில் சேராதே தம்பி. நீ எங்கே பத்திரப்படுத்தினாய்?"

அதற்குள் விரிசல் வாயைப் பிளந்தது. கரடியார் திரும்பிப் பாய்ந்தார். நரி அவர் முதுகு ரோமத்தைக் கவ்விக்கொண்டது. மரம் நடுவில் முறிந்து பாதாளத்தில் விழுந்தது. நல்ல வேளை, கரடியாரின் நகம் புறப்பட்ட கரையின் வேரில் மாட்டிக்கொண்டது. மூச்சு வாங்கி, முக்கி முனகி, இரண்டும் மேலே ஏறி விழுந்தன. தண்ணீரில்லாத கரையில்.

அக்கரையில் மந்தி அக்காவுக்கே வாய் அடைத்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரடியம்மா மட்டும் விளிம்புக்கு ஓடிவந்தாள். கண்ணில் நீர் முட்ட, பழக்க தோஷத்தில் கத்தினாள்.

"என்னங்க! சாப்பிட்டீங்களா?"

கரடியாருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. முழுக் காடும் காய்ந்து கிடந்தது. பலா ஓய்ந்துவிட்டது. தேனீக்களும் சுனையைத் தேடி அக்கரைக்குப் பறந்துவிட்டன. பாறை இடுக்கில் கசிந்த ஈரத்தைக் கரடியார் ஒருபுறமும் நரி மறுபுறமுமாக நக்கி நாளைக் கடத்தினார்கள். கிடைத்தால் கோரைக்கிழங்கு, கிடைக்காவிட்டால் ஏப்பம். அந்த ஏப்பத்திலும் பாதிக்கு நரி பங்கு கேட்டது.

ஒருவழியாகக் காற்று திரும்பியது. இடி இடித்து, மழை கொட்டி, கரையோரத்து வேங்கை மரம் ஒன்று பள்ளத்தின் குறுக்கே சாய்ந்தது. கரடியம்மா முதல் ஆளாய் ஓடிவந்தாள். எதிரே எலும்பும் ரோமமுமாக ஒன்று நின்றுகொண்டிருந்தது. காற்றடித்தால் மரத்தைப் பிடித்துக்கொண்டது.

"ஐயா, இந்தப் பக்கம் குண்டாக ஒரு கரடியாரைப் பார்த்தீர்களா?" என்று கேட்டாள் அவள்.

"அடியே, நான்தான்டி!" என்றது அந்த எலும்பு. முகமெல்லாம் பெருமை. "பார்த்தாயா? எடை போட்டுச் சாப்பிட்டதன் பலன்! தராசு வேலை செய்கிறது. கொஞ்சம் தாமதமாகச் செய்கிறது, அவ்வளவுதான்."

இப்போது கரடியார் அக்கம்பக்கத்துக் காடுகளுக்கெல்லாம் போய், மெலிவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிறாராம். நல்ல கூட்டமாம். நரிதான் எடைக்கல்லுக்குப் பொறுப்பு.

பிள்ளைகளே, கதையை ஊருக்கெல்லாம் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. யார் சொன்னது என்று மட்டும் மூச்சு விட்டுவிடாதீர்கள். கரடியார் மறுபடி பெருத்துவிட்டார். என் வீடோ காட்டுப் பாதையில் இருக்கிறது.

நீதி: தட்டில் வைத்ததை எண்ணாதே, வாயில் போட்டதை எண்ணு.