தரையில் வைக்க முடியாத பெட்டி

"அக்கா, ஜெபம் எனக்குப் பலிக்க மாட்டேங்குது."

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் தேவவரம் ஜெபவீட்டுப் படியேறினார்.

"எந்த நேரத்தில பலிக்கல?" என்று கேட்டாள் ரூபவதி அக்கா. தேன்பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாயங்காலம்."

"காலையில?"

"காலையில தொந்தரவே இல்லியே. மார்க்கெட்டுல வாழைத்தார் சுமக்குத நேரத்தில எவனுக்குக் குடிக்குத நினைப்பு வரும்?"



தேவவரத்துக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. அக்காவுக்கு இன்னும் ஒரு நரை இல்லை. ஆனாலும் ஊரே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, ரப்பர் தோட்டத்துக்கு மேலே பாறையடியில் ஒரு ஓட்டு வீட்டில் இருந்துகொண்டு ஜெபமும் தேனீயுமாகக் காலம் கழித்தாள். அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். யார் மூத்தவர் என்று இருவரும் வழக்காடியதில்லை.

அவர் குடியை விட்டது, விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகையன்று. கோவிலில் காணிக்கைப் பூசணிக்காயை ஏலம் விட்டுக்கொண்டிருந்தபோது, குடிபோதையில், அதைத் தம் வீட்டுப் பூசணிக்காய் என்று சொல்லித் தூக்கிக்கொண்டு நடந்தார். சபை சிரித்தது. மனைவி சுந்தரபாய் சிரிக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்றைக்கே மகள் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

ஏறும்போது ஒன்று சொன்னாள்.

"கிறிஸ்மஸுக்கு வருவேன். பக்கத்தில வந்து மோந்து பாப்பேன். வாடை இருந்தா, அடுத்த பஸ்சிலயே திரும்பிருவேன்."

இப்போது வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

"ஆறு மணி ஆனா நாக்கு வறளுது அக்கா. கதவைப் பூட்டி, சாவிய ஜன்னல் வழியா வெளிய வீசிருதேன். முழங்கால்ல நிக்கேன். சங்கீதம் படிக்கேன். படிச்சு முடிச்சா அதே நினைப்பு. பிராந்திக் கடை முன்னால போகப் பயந்து சானல் வாய்க்கால் கரை வழியா சுத்தித்தான் வீட்டுக்கே போறேன். இதுக்கும் மேல என்ன செய்ய? பெரிய ஜெபம் ஏதாவது இருந்தா சொல்லித் தாங்க."

அக்கா எழுந்தாள். முற்றத்து ஓரத்தில் கல்மேல் இருந்த ஒரு தேன்பெட்டியைக் காட்டினாள்.

"இது நோஞ்சான் கூட்டம். இனி நீங்க பாத்துக்கிடுங்க."

"ஜெபம் கேட்டேன் அக்கா."

"ஆமா. கேட்டீங்க."

*

தேவவரம் பெட்டியை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார். காலையில் மார்க்கெட்டுக்குப் போகும் முன்னும், மத்தியானம் திரும்பும்போதும் வந்தார்.

பாவம், கொஞ்சமே கொஞ்சம் தேனீ. நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவருக்கு மனசு கேட்கவில்லை. வெற்றுத் தேனடைகள் மாட்டிய மரச்சட்டங்களை உள்ளே இறக்கினார். அதற்கு மேல் இன்னொரு பெட்டியையும் தூக்கி வைத்தார். தாராளமாக இருக்கட்டும் என்று நினைத்தார்.

அடுத்த வாரம் அடையில் வெள்ளைப் புழு நெளிந்தது. நூலாம்படை மாதிரி வலை பின்னியிருந்தது.

அவர் ஒரு எலுமிச்சை முள்ளை ஒடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு புழுவாகக் குத்தி எடுத்தார். மறுநாளும் புழு. மறுபடியும் குத்தினார். மத்தியானச் சோற்றைக்கூட அங்கேயே வைத்துத் தின்றார்.

"அக்கா, எடுக்க எடுக்க வருது."

"என்ன வருது?"

"புழு. ராத்திரி அந்துப்பூச்சி வந்து முட்டையிடுதாம். நான் முள்ளும் கையுமா இருக்கேன். தோத்துருவேன் போல இருக்கு."

"சாயங்காலம் வாங்க" என்றாள் அக்கா. "ஈ எல்லாம் வீடு திரும்பின பிறகுதான் திறக்கணும்."

"சாயங்காலமா?"

"அப்பத்தான் எல்லாரும் உள்ள இருப்பாங்க."

அந்திக்கு வந்தார். அக்கா காய்ந்த தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்து லேசாகப் புகை காட்டினாள். மேல்பெட்டியைத் தூக்கி அப்பால் வைத்தாள். ஈ இல்லாத சட்டங்களை ஒவ்வொன்றாக உருவினாள். ஈ மொய்த்துக் கிடந்த சட்டங்களை மட்டும் ஒரு மூலைக்கு நெருக்கினாள். மிச்ச இடத்தை ஒரு பலகையால் அடைத்தாள்.

"இம்புட்டு இடத்திலயா? நெரிஞ்சு போகாதா?"

"பாப்போம்."

"அந்தப் புழுவு?"

மூலையில் நெருக்கி வைத்த சட்டங்களிலும் சில புழுக்கள் இருக்கத்தான் செய்தன. அக்கா அவற்றைத் தொடவேயில்லை. மூடியை வைத்துவிட்டாள்.

அன்று முதல் தினமும் சாயங்காலம் வரச் சொன்னாள். சர்க்கரைத் தண்ணீர் ஊற்ற வேண்டும், வாசலில் எறும்பு பார்க்க வேண்டும், கல்லைச் சுற்றிச் சாம்பல் போட வேண்டும். ஏதாவது ஒரு வேலை இருந்துகொண்டே இருந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் திறந்து பார்த்தார். ஈக்கள் முதுகோடு முதுகு உரச அடையை மூடிக் கிடந்தன. வலை இல்லை. பெட்டி வாசலுக்கு வெளியே, சாம்பல்மேல், காய்ந்த புழுக்கள் கிடந்தன.

"யாரு கொன்னா?" என்று கேட்டார்.

"நீங்க கொல்லல" என்றாள் அக்கா. "நானும் கொல்லல."

*

சுந்தரபாய் போன் பண்ணினாள்.

"கிறிஸ்மஸுக்கு இந்தச் சனிக்கிழமையே வாறேன். ஆறு மணி பஸ்சு. ஸ்டாப்புல வந்து நிக்கணும். சொன்னது ஞாபகம் இருக்குல்லா?"

தேவவரம் ஜெபவீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"கெட்டேன் அக்கா. ஸ்டாப்பு சரியா கடைக்கு எதிர்த்தாப்புல இருக்கு. சனிக்கிழமை. ஆறு மணி. சானல் கரையில பஸ்சு வராதே!"

"வராது."

"மூணு நாள் உபவாசம் இருக்கட்டுமா?"

"பசிச்ச வயித்தோட அங்க போய் நிக்கப் போறீங்களா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"அவ மோந்து பாப்பா அக்கா. சொன்னா செய்வா. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான்."

அக்கா அவர் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"ஒரு ஜெபம் தாறேன். 'இயேசுவே, என்மேல் இரங்கும்.' அவ்வளவுதான். ஸ்டாப்புல நிக்குத நேரம் முழுக்க விடாம சொல்லணும்."

"விடமாட்டேன். சத்தியமா ஒரு நிமிசம் விடமாட்டேன்."

"சரி. சனிக்கிழமை உங்க பெட்டியையும் எடுத்துட்டுப் போயிருங்க. இனி அது உங்க வீட்ல இருக்கட்டும்."

"அன்னைக்கேவா? வேற நாள் இல்லியா?"

"கூட்டம் தேறிட்டு. இனி இங்க வச்சா மத்தப் பெட்டியில உள்ள பெரிய கூட்டம் வந்து தேனைக் கொள்ளையடிக்கும்."

"காலையில எடுத்துட்டுப் போறேனே."

"காலையில பாதி ஈ வெளிய நிக்கும். அதுங்களை விட்டுட்டா போவீங்க?"



*

சனிக்கிழமை அந்தியில் அக்கா புகை காட்டி, வாசலில் கொசுவலைத் துணி வைத்துக் கயிற்றால் கட்டினாள். தேவவரம் பெட்டியைத் தலையில் வைக்கப் போனார்.

"தலையில வேண்டாம். ஆடும். அடை விழுந்துரும்."

நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். உள்ளே ஒரே இரைச்சல். நெஞ்செலும்பில் அது அதிர்ந்தது.

ஸ்டாப்புக்கு வந்தபோது மணி ஆறு தாண்டியும் பஸ் வரவில்லை. எதிரே கடையில் நல்ல கூட்டம். ஜெபத்தைத் தொடங்கலாம் என்று வாயைத் திறந்தார்.

"எவண்டே அது, தேவவரமா?"

ராஜையன். பழைய கூட்டாளி. ரோட்டைத் தாண்டி வந்தான்.

"செத்துட்டியோன்னு நெனச்சேன். என்னடே கையில? காணிக்கைப் பூசணிக்காயா?"

"தேனீ."

ராஜையன் இரண்டு எட்டு பின்னால் போனான்.

"இதை வச்சிட்டு வா மக்கா. ஒரே ஒரு கட்டிங். நான் வாங்கித் தாறேன்."

"வைக்க முடியாது."

"ஏன்?"

"தரையில எறும்பு. நான் இங்க வச்சேன்னா சாரை சாரையா ஏறிரும்."

"அந்தக் கட்டச் சுவர்ல வையி."

"சரிஞ்சு கிடக்கு. ராணி நசுங்கிரும்."

"ராணியா? வீட்டு ராணி போயாச்சு, இப்ப பெட்டியில ஒண்ணா?" ராஜையன் விழுந்து விழுந்து சிரித்தான்.

தேவவரம் சிரிக்கவில்லை. கயிறு நழுவிக்கொண்டிருந்தது. துணியின் ஒரு ஓரம் விலகி, ஒரு ஈ தலையை நீட்டியது. சட்டென்று கட்டைவிரலை அந்த இடத்தில் வைத்தார். கொட்டியது. விரலை எடுத்தால் கூட்டமே வெளியே வந்துவிடும். எடுக்கவில்லை. இன்னொன்று கொட்டியது.

"ஸ்ஸ்... இரு, இரு" என்றார். ராஜையனிடம் அல்ல.

ராஜையன் இன்னும் என்னவோ சொல்லிப் பார்த்தான். பிறகு, "ஒனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனான்.

இருட்டத் தொடங்கியது. தோள் கடுத்தது. வாழைத்தார் என்றால் தோள் மாற்றலாம். இதை மாற்ற முடியாது. தலையைக் குனிந்து பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்தார். இரைச்சல் தணிந்திருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. இன்னும் உற்றுக் கேட்டார்.

"இது என்ன கோலம்?"

நிமிர்ந்தார். பஸ் வந்து நின்று, புறப்பட்டும் போயிருந்தது. சுந்தரபாய் கையில் பையோடு நின்றாள்.

அவள் கிட்டே வந்தாள். அவர் வாய்க்கு நேராக மூக்கைக் கொண்டுபோனாள். பிறகு சட்டைக் காலர். பிறகு பெட்டி.

புகை. மெழுகு. வேர்வை.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்.

அவள் பையைத் தோளில் மாட்டினாள்.

"அந்தப் பக்கம் நீங்க பிடிங்க. இந்தப் பக்கம் நான் பிடிக்கேன்."

*

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் தேவவரம் ஜெபவீட்டுக்கு வந்தார். கட்டைவிரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அக்காவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"சுந்தரபாய் வந்தாச்சா?"

"வந்தாச்சு. காலையிலயே பெட்டிக்குப் பக்கத்தில மணைபோட்டு உக்காந்துட்டா."

"அப்புறம் என்ன முகம் இப்படி?"

"தப்புப் பண்ணிட்டேன் அக்கா."

வீங்கிய விரலைத் தடவிக்கொண்டார்.

"சத்தியம் பண்ணிட்டுப் போனேன். ஒரு தடவைகூடச் சொல்லல."

"எதை?"

"ஜெபத்தை. வாயைத் திறந்தேன், ராஜையன் வந்தான். அப்புறம் கயிறு அவுந்துது, ஈ கொட்டுச்சு, கை கடுத்துச்சு. அடியோட மறந்தே போயிட்டேன். அவ வந்து நின்னதுகூடத் தெரியல. ஆண்டவரை நினைக்கவே இல்ல."

"பெட்டியை எப்படிப் பிடிச்சிருந்தீங்க?"

"சும்மா, கையாலதான்."

"காட்டுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் காட்டினார். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்தார். விரல்களைக் கோத்தார். வீங்கிய கட்டைவிரலை மேலே வைத்தார். தலையைக் குனிந்து, காதை அங்கே கொண்டுபோனார்.

அப்படியே நின்றார்.

"ஆமென்" என்றாள் அக்கா.