அலங்காரியை எழுப்பிய எருமை

செங்குளம் என்று ஒரு ராஜ்யம் இருந்தது. ரொம்பச் சின்ன ராஜ்யம். அந்த ஊர்ப் பட்டத்து யானை வாலை வீசினால் அடுத்த ராஜ்யத்து ஈ பறக்கும் என்று அக்கம்பக்கத்தார் கேலி செய்வார்கள். அதை ஆண்டவர் சேந்தவர்ம மகாராஜா. அவர் சபையில் நல்லசிவன் என்று ஒரு விகடன் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம். மூளை அதைவிட நீளம்.

அப்போது நல்லசிவனுக்குக் கெட்ட காலம் நடந்துகொண்டிருந்தது. காக்கை விரட்டப் புது உபாயம் என்று சொல்லி, அரண்மனைத் தோட்டம் முழுக்கக் கண்ணாடி கட்டித் தொங்கவிட்டான். காக்கைகள் அதில் அழகு பார்த்துக்கொண்டு அங்கேயே குடியேறிவிட்டன. மந்திரி பூவராகருக்கு உள்ளூர ஒரே கொண்டாட்டம். புது யோசனை என்றாலே ஆபத்து, இனி எந்தச் சிக்கல் வந்தாலும் முன்பு பலித்த வழியைத்தான் கையாள வேண்டும் என்று மகாராஜாவின் காதில் ஓதினார். மகாராஜாவும் அப்படியே உத்தரவு போட்டுவிட்டார். மீறினால் நல்லசிவன் சபைக்குள் காலடி வைக்கக் கூடாது.

இளவரசியின் கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை ஊர் எல்லையில் காத்திருக்கிறார். பட்டத்து யானை அலங்காரி முன்னால் போய் அவரை அழைத்து வர வேண்டும். அதுவோ பாதி வழியில், கடைத்தெருவில், ஒரு வெல்லக்கடை வாசலில் உட்கார்ந்துவிட்டது. பாகன் பேச்சிமுத்து கெஞ்சிப் பார்த்தான், கொஞ்சிப் பார்த்தான். கடைக்காரர் வெல்லம் கொடுத்தார். எதிர்வீட்டார் கரும்பு கொண்டுவந்தார்கள். அலங்காரி எல்லாவற்றையும் மறுக்காமல் தின்றது. எழுந்திருக்க மட்டும் மாட்டேன் என்றது.

மகாராஜாவே நேரில் வந்துவிட்டார். முகூர்த்த நேரம் நெருங்க நெருங்க அவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"முகூர்த்தத்துக்குள் இது எழுந்திருக்காவிட்டால், மரம் இழுக்க மலைக்கு அனுப்பிவிடுங்கள். பேச்சிமுத்து இனி யானைக் கொட்டடிப் பக்கமே வரக் கூடாது" என்றார்.

குட்டியாய் வந்த நாளிலிருந்து அலங்காரியை வளர்த்தவன் பேச்சிமுத்து. யானையின் காதைப் பிடித்துக்கொண்டு விசும்பி அழுதான். பார்த்தவர்களுக்கு மனசு கேட்கவில்லை.

பூவராகர் முன்னால் வந்தார். பெரிய மகாராஜா காலத்தில் ஒரு யானை இப்படித்தான் படுத்துக்கொண்டதாம். மேளத்தை முழக்கி எழுப்பினார்களாம். "அதுவும் யானை, இதுவும் யானை" என்று சொல்லி மேளக்காரர்களை வரவழைத்தார். அந்தக் காலத்து யானை அப்போதுதான் காட்டிலிருந்து வந்தது. மேளம் கேட்டதும் மிரண்டு எழுந்துவிட்டது. அலங்காரியோ எந்தத் திருவிழாவுக்குத்தான் போகாமல் இருந்தது? மேளம் கேட்டதும் காதை ஆட்டித் தாளம் போட்டது. சாமி ஊர்வலம் வந்துவிட்டது என்று நினைத்த ஜனங்கள் பழத்தட்டோடு ஓடிவந்தார்கள். அதையும் தின்றது.

மகாராஜா நல்லசிவனைத் திரும்பிப் பார்த்தார். "உனக்கு ஏதாவது வழி தெரியுமா? புது யோசனை கூடாது."

"பழைய வழிதான் மகாராஜா. நம் அரண்மனையிலேயே பலித்தது."

"நம் அரண்மனையில் எப்போது யானை உட்கார்ந்தது?"

"யானை என்று தேடினால் கிடைக்காது மகாராஜா. இது ஏன் எழுந்திருக்கவில்லை என்று தேடினேன். கிடைத்துவிட்டது."

என்ன கிடைத்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், வெளியே விட்டுவிடாதீர்கள். மகாராணியின் அண்ணன் சிங்கராயர் ஒரு பொங்கலுக்கு விருந்தாட வந்தார். ஆடி பிறந்த பிறகும் கிளம்பவில்லை. போங்கள் என்று சொல்ல மகாராஜாவுக்கே வாய் வரவில்லை. உபசாரம் செய்யச் செய்ய அவர் இன்னும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கடைசியில் நல்லசிவன் யாரோ ஒரு வழிப்போக்கரைப் பிடித்துவந்து, சிங்கராயர் உட்காரும் முதல் இலையில் உட்கார வைத்து, மாலையும் போட்டுவிட்டான். அன்றைக்கே சிங்கராயர் வண்டி கட்டச் சொல்லிவிட்டார். இந்த ரகசியம் மகாராஜாவுக்குத் தெரியும். மகாராணிக்குத் தெரியாது.

நல்லசிவன் அலங்காரியின் நெற்றியிலிருந்த முகபடாமை அவிழ்க்கச் சொன்னான். பக்கத்துச் சந்தில் மந்திரி வீட்டு எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. முகபடாமை அதற்குக் கட்டினார்கள். யானைக்குத் தைத்தது அல்லவா, எருமையை முழுசாக மூடிவிட்டது. நாலு காலும் வாலும்தான் வெளியே தெரிந்தன. அதற்கு மாலை போட்டு, குடை பிடித்து, மேளத்தை அதன் முன்னால் போகச் சொன்னான். ஊர்வலம் எல்லையை நோக்கி நகர்ந்தது.

அலங்காரி மெல்லுவதை நிறுத்தியது. தன் மேளம் போகிறது. தன் குடை போகிறது. தன் முகபடாமுக்குள் ஏதோ ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு போகிறது. ஒரே பிளிறல். எழுந்த வேகத்தில் வெல்லக்கடைப் பந்தல் சரிந்தது. ஓடிப் போய் எருமையை ஓரமாகத் தள்ளி, முகபடாமைப் பிடுங்கிக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போய் நின்றது. பின்னாலேயே பேச்சிமுத்து அழுகையும் சிரிப்புமாக ஓடினான்.

மாப்பிள்ளை முகூர்த்தத்துக்கு வந்து சேர்ந்தார். தாலி கட்டியதும் கட்டாததுமாகப் பூவராகர் பிராது கொடுத்தார். எருமைக்கு முகபடாம் கட்டியதாக இந்த ராஜ்யத்தில் கேள்விப்பட்டதே இல்லை, இது சுத்தமான புது யோசனை, நல்லசிவனை வெளியேற்ற வேண்டும் என்றார்.

"எந்தப் பழைய சம்பவம் என்று சொல்லிவிடு" என்றார் மகாராஜா.

மகாராணியும் என்னவென்று திரும்பிப் பார்த்தார். பக்கத்தில், கல்யாணத்துக்கென்று வண்டி நிறையப் பெட்டிகளோடு வந்திறங்கியிருந்த சிங்கராயர், மீசையில் ஒட்டிய பாயசத்தைத் துடைத்துக்கொண்டு, தனக்கும் கேட்க ஆசையாக இருப்பதாகச் சொன்னார்.

நல்லசிவன் கை கூப்பினான்.

"தாராளமாகச் சொல்லலாம் மகாராஜா. சொல்லிவிட்டால் அடுத்த தடவை பலிக்காது."

அப்போதுதான் மகாராஜாவுக்கு விளங்கியது. மைத்துனரைப் பார்த்தார். அவர் கொண்டுவந்த பெட்டிகளைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பழைய சம்பவம் நடந்தது நிஜம், தானே சாட்சி என்று மந்திரியின் வாயை அடைத்தார். பேச்சிமுத்துவுக்குப் பட்டு, அலங்காரிக்கு மறுபடியும் வெல்லம். தன் முத்துமாலையைக் கழற்றி நல்லசிவன் கழுத்தில் போடும் சாக்கில் குனிந்து, அவன் காதோரம் சொன்னார்:

"அந்த எருமையை மட்டும் மந்திரி வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடாதே. விருந்து முடிந்ததும் நமக்கு வேண்டியிருக்கும்."