குடுமியும் மொட்டைக் கழுத்தும்

மூங்கில் காட்டில் குடுமியான் என்றொரு சேவல் இருந்தது. அதன் தலையில் பூச்செண்டு போலக் குடுமி. கழுத்திலோ ஓர் இறகும் இல்லை. "கழுத்து என் அம்மா தந்தது! குடுமி என் அப்பா தந்தது!" என்று தினமும் விடியலில் கூவிப் பெருமையடிக்கும்.

அதன் பெட்டை சாம்பிக்குக் குடுமி கிடையாது. கழுத்து நிறைய இறகு. சாம்பி ஒரு புதருக்குள் நான்கு குஞ்சுகள் பொரித்தது.

குடுமியான் ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தது. முதல் குஞ்சு குடுமியும் மொட்டைக் கழுத்துமாகத் தன்னையே உரித்து வைத்திருந்தது. இரண்டாவது அப்படியே சாம்பி. மூன்றாவதற்கு மொட்டைக் கழுத்து. ஆனால் குடுமி இல்லை. நான்காவதற்குக் குடுமி, ஆனால் கழுத்தெல்லாம் இறகு!

சேவலுக்குச் சந்தேகம் தட்டியது. கிளையிலிருந்த காக்கை மூக்காயி தூபம் போட்டது. "என் கூட்டில் குயில் முட்டையிட்டு ஏமாற்றியது மறந்துபோச்சா, அண்ணே? நல்லாப் பாருங்க!"

"சாம்பி! நீ இரைக்குப் போன நேரத்தில் யாரோ முட்டையை மாற்றிவிட்டார்கள்!" என்று சீறியது குடுமியான்.

"நாலும் நான் இட்டது. எனக்குத் தெரியாதா?"

"என் பிள்ளை என்றால் கழுத்தும் குடுமியும் சேர்ந்தே இருக்கணும். உன்னைக் கொண்டதென்றால் இரண்டும் இருக்கக் கூடாது. இந்தப் பாதி வேஷம் எதற்கு?"

கடைசிக் குஞ்சுகள் இரண்டையும் குடுமியான் புதருக்கு வெளியே கொத்தி விரட்டியது. வெளியே புற்றின் மறைவில் கீரி ஒன்று நாக்கைச் சப்புக்கொட்டிக் காத்திருந்தது.

சாம்பி குறுக்கே பாய்ந்து நின்றது. "உங்க அம்மாவுக்குக் குடுமி இருந்ததா?"

"இல்லை."

"உங்க அப்பாவுக்குக் கழுத்து மொட்டையா?"

"அதுவும் இல்லை."

"அப்போ நீங்களும் பாதி வேஷம்தானே! உங்களை யார் விரட்டினார்கள்? தனித்தனியாக உங்களிடம் வந்தவை, பிள்ளைகளிடம் மட்டும் ஜோடி போட்டுக்கொண்டா போகும்?"

குடுமியானுக்குச் சுருக்கென்றது. அந்த நேரம் வெளியே "கீச்! கீச்!" என்று அலறல். கீரி பாய்ந்துவிட்டது!

சேவல் ஒரே எம்பில் அதன் மேல் விழுந்தது. கண்ணில் கொத்தியது, காலால் கீறியது. வாய் நிறையச் சேவலின் வால் இறகோடு கீரி ஓடிப்போனது. நடுங்கிய இரு குஞ்சுகளையும் குடுமியான் சிறகுக்குள் இழுத்துக்கொண்டது.

"அண்ணே, நல்லாப் பார்த்தீங்களா?" என்றது மூக்காயி, விடாமல்.

"பார்த்துட்டேன். நீ போய் உன் கூட்டைப் பார்!"

பெற்றவர்களின் அடையாளங்கள் பிள்ளைகளிடம் தனித்தனியே போய்ச் சேரும் என்று அறியாமல் சந்தேகப்படுகிறவன், தன் பிள்ளையைத் தானே எதிரியின் வாயில் தள்ளுவான்.