லட்சம் தும்பை

ஒரு மலை, மலைக்குக் கீழே ஒரு புல்வெளி, அந்தப் புல்வெளியில் பொம்மக்கா என்று ஒருத்தி இருந்தாள். ஆடு பதினேழு, மகள் ஒன்று. பனி விழுந்தால் மகள் குருவம்மாவுக்கு நெஞ்சில் சளி கட்டும், மூச்சு இழுக்கும். பொம்மக்கா தும்பையைக் கசக்கிச் சாறு கொடுப்பாள், மூன்றே வேளையில் இறங்கிவிடும். தும்பை சின்னச் செடி. மழைக்கு முளைத்து, பூத்து, விதையைக் கொட்டிவிட்டுச் செத்துப்போகும். விதை விழாவிட்டால் அடுத்த வருஷம் செடி இல்லை.

அந்த நாட்டு ராஜாவுக்குப் பிள்ளை இல்லை. சிவனுக்கு லட்சம் தும்பைப்பூ போடுவதாக வேண்டிக்கொண்டார், மகன் பிறந்தான். உடனே புல்வெளிக்கு நூறு ஆள் வந்தார்கள். மூன்று நாளில் லட்சம் பூ வேண்டும். நகக்கண் அளவுகூட இல்லாத பூவை எப்போது கிள்ளி எப்போது எண்ணுவது? செடியோடு பிடுங்கி, பூவை உருவிக்கொண்டு, செடியைக் கொளுத்தினார்கள்.

முதல் நாள் பொம்மக்கா ஓடினாள். "பூவை மட்டும் எடுங்கய்யா, செடி நிக்கட்டும். அதுலதான் விதை இருக்கு."

"ஆட்டுக்காரிக்குச் சாமி காரியத்துல என்ன வேலை?" என்று சிரித்தார்கள்.

இரண்டாம் நாளும் ஓடினாள். "பாதிக் காட்டையாவது விடுங்கய்யா."

"சாமிக்குப் பாதி, உன் ஆட்டுக்குப் பாதியா?" அதற்கும் சிரித்தார்கள்.

மூன்றாம் நாள் எண்ணினால் ஒன்பது பூ குறைகிறது. ராஜாவே வந்துவிட்டார். பொம்மக்கா குடிசைக்குப் பின்னால் ஒரே ஒரு செடியை முள் போட்டு மூடியிருந்தாள். அதில் சரியாக ஒன்பது பூ.

"ராசா, இது என் மக மூச்சு."

"ஒன்பது பூவுக்கா என் வேண்டுதல் குறையணும்?" என்று தன் கையாலேயே பிடுங்கினார்.

அடுத்த வருஷம் மழை வந்தது, புல் வந்தது, தும்பை வரவில்லை. அப்புறம் பனி வந்தது. பொம்மக்கா மூன்று காடு தேடினாள். மார்கழி முடிய இரண்டு நாள் இருக்கும்போது குருவம்மாவின் மூச்சு அடங்கிவிட்டது. என்ன, உம் கொட்டுவதை நிறுத்திவிட்டீர்கள்? கேளுங்கள்.

அதே பனியில் ராஜா மகனுக்கும் மூச்சு இழுத்தது. வைத்தியர் தும்பை கேட்டார். ராஜா செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"தாயி, ஒரு செடி இருந்தாக் குடு. பாதி ராச்சியம் தர்றேன்."

பொம்மக்கா நிமிரவில்லை. "இருந்தாக் குடுத்திருப்பேன் ராசா. என் பிள்ளைக்கே இல்லாமப் போச்சு. லட்சமும் வாங்குனவரு கோயில்ல இருக்காரு. அவருகிட்டக் கேளுங்க."

ராஜா கோயிலுக்கு ஓடினார். அங்கே கல்தான் இருந்தது. திரும்பி வருவதற்குள் மகன் போய்விட்டான்.

கதை இவ்வளவுதான். பூ வேண்டுமென்றால் பூவை எடுங்கள், செடியை விட்டுவிடுங்கள். இப்போது கண்ணை மூடுங்கள்.