குறையில்லை என்று கூவிய கோட்டை

சிறியவர்களே, பெரியவர்களே, கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள். இருட்டுகிறது, இந்தக் கதைக்கு அதுதான் நல்லது. முன்னொரு காலத்தில் கருங்கல்லூர் என்ற தேசத்தை வச்சிரவேலன் என்ற இளைய அரசன் ஆண்டுவந்தான்.

பட்டம் சூடிய அன்றே அவன் அமைச்சர் நாகதத்தரிடம் கேட்டான்: "குடிகள் என்னை விரும்ப வேண்டுமா, எனக்கு அஞ்ச வேண்டுமா?"

நாகதத்தர் முகத்துக்காகப் பேசுகிறவர் அல்ல. "இரண்டும் அமைந்தால் நல்லது, அரசே. ஒன்றுதான் வாய்க்கும் என்றால் அச்சமே உறுதி. ஆனால்..."

"போதும்!" என்று அரசன் எழுந்துவிட்டான். தனக்குப் பிடித்த பாதி காதில் விழுந்துவிட்டது, மீதி எதற்கு?

அரசனின் கோட்டைக்கு மூன்று கொத்தளங்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் மூன்று காவலர்களும் மதில்மேல் நின்று ஊர் நிலவரத்தை உரக்கக் கூவ வேண்டும். குறை இருந்தால் குறையைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் "குறையில்லை, அரசே!" அரசன் மாடத்தில் இருந்து கேட்பான். அது பாட்டன் காலத்து வழக்கம்.

ஒருநாள் கிழக்குக் காவலன், "ஏரி வற்றுகிறது, அரசே!" என்று கூவினான். நல்லது சொல்லத் தெரியாத நாக்கு எதற்கு என்று அதை அறுக்கச் சொன்னான் வச்சிரவேலன்.

பிறகு மேற்குக் காவலன், "வரி தாங்காமல் குடிகள் ஊரை விட்டுப் போகிறார்கள், அரசே!" என்று கூவினான். அவனை மதிலிலிருந்து தள்ளிவிட்டார்கள். அவன் பிள்ளைகளின் நிலமும் அரண்மனைக்குப் போயிற்று.

மூன்றாவதாக நாகதத்தரே வந்தார். "அன்று நான் சொல்லி முடிக்கவில்லை, அரசே."

"தெற்குக் கொத்தளத்தில் போய் நின்று முடித்துக்கொள்ளும்! அங்கே உமக்கு ஒரே சொல்தான்" என்றான் அரசன். கிழவரின் தலைப்பாகையைப் பிடுங்கிக்கொண்டு கையில் காவலனின் ஈட்டியைக் கொடுத்தார்கள். கிழக்கிலும் மேற்கிலும் வேறு காவலர்களை நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு தினமும் மூன்று பக்கமிருந்தும் "குறையில்லை!" தான். அரசன் சந்தைக்குப் போனால் சத்தம் அடங்கியது. தேர் வந்தால் தெருவெல்லாம் கதவுகள் மூடின. அழுகிற குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். பாவி, அதை அவன் அமைதி என்று நினைத்துக்கொண்டான்.

ஓர் அந்தியில் "குறையில்லை!" வந்தது, விளக்கு வரவில்லை. கை தட்டினான், ஒருவரும் வரவில்லை. அடுக்களைக்குப் போனான், அடுப்பில் பூனை தூங்கியது. லாயத்தில் ஒரு குதிரைகூட இல்லை. கோட்டைக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"குறையில்லை, அரசே!" என்றது கிழக்குக் கொத்தளம்.

வச்சிரவேலன் அந்தப் பக்கம் விரைந்தான். படியேறிப் பார்த்தான். ஆள் இல்லை. ஒரு கூண்டு தொங்கியது, அதற்குள் ஒரு மைனா தலையைச் சாய்த்து அவனையே பார்த்தது.

மேற்கே ஓடினான். அங்கும் ஒரு மைனா. "குறையில்லை, அரசே!" மதிலிலிருந்து விழுந்து செத்தவனின் குரல், அச்சு அசல். உயிரோடிருந்தபோது அவன் வளர்த்த பறவை அது. காவலர்கள் பறவைகளைக் கூவ விட்டுவிட்டு, ஊரோடு சேர்ந்து எப்போதோ போய்விட்டார்கள் என்று அரசனுக்குப் புரிந்தது.

தெற்குக் கொத்தளத்து மைனா நாகதத்தரின் குரலில் நிதானமாகப் பேசியது. "அச்சமே உறுதி, அரசே. ஆனால் குடிகள் வெறுக்கும்படி மட்டும் நடக்காதீர்கள். வெறுப்பு வந்தபின் எந்த மதிலும் காக்காது."

மதிலுக்கு அப்பால் புழுதி எழுந்தது. எதிரிப் படை!

வச்சிரவேலன் விழுந்தடித்து இறங்கி, கதவில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பத்துப் பேர் சேர்ந்து தள்ளும் கதவு, இம்மியும் அசையவில்லை. "ஐயோ, யாராவது வாருங்களேன்!" என்று கதறினான்.

கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் பதில் வந்தது. "குறையில்லை, அரசே!"

எதிரி அரசன் ஓர் அம்புகூட எய்யாமல் உள்ளே வந்தான். அவனும் இளைஞன். கோட்டையைச் சுற்றிப் பார்த்தபடி தெற்குக் கொத்தளத்தில் ஏறினான். விலங்கு பூட்டிய வச்சிரவேலனைப் பின்னால் இழுத்து வந்தார்கள்.

"அச்சமே உறுதி, அரசே" என்றது மைனா. "ஆனால்..."

"அடடா, அறிவுள்ள பறவை!" என்று சிரித்து, வென்றவன் தன் மேலாடையைக் கூண்டின்மேல் போர்த்தினான். இரவு வந்துவிட்டதென்று பறவை அடங்கிவிட்டது.

"ஐயா, மீதியையும் கேளுங்கள்! அதைக் கேட்காமல்தான் நான் கெட்டேன்!" என்று வச்சிரவேலன் காலில் விழுந்தான். தோற்றவன் சொல் அம்பலம் ஏறுமா? அவனைக் கீழே இழுத்துப் போனார்கள்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் புதிய காவலர்கள் மூன்று பேர் கொத்தளங்களில் ஏறி நின்றார்கள். புதிய அரசன் மாடத்தில் வந்து உட்கார்ந்தான். காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, மெல்ல வாயைத் திறந்தார்கள்.

"குறையில்லை, அரசே!"

ஆகையால் கேட்டவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: குடிகளின் அச்சத்தைச் சம்பாதித்த அரசன் பிழைத்தாலும் பிழைப்பான், அவர்கள் வெறுப்பைச் சம்பாதித்தவனை அவன் நம்பிய கோட்டையே கைவிட்டுவிடும்.